ஹார்ட் டிஸ்க்கின் முதல் வீடு

காலையில் மின்சாரம் ஒரு தடவை கண் சிமிட்டியது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மின்விசிறி வேகம் குறைந்து மறுபடி சுற்றத் தொடங்கியது. இரண்டு தெரு தள்ளி, அண்ணியின் பட்டறையில், வருடக்கணக்காக யாரும் அணைக்காமல் வைத்திருந்த கணினி அணைந்துபோனது.

போனில் அண்ணியின் குரல் தாழ்ந்திருந்தது. பயந்தால் அவருக்குக் குரல் ஏறாது, இறங்கும்.

"திருப்புளி, பெட்டி செத்துப்போச்சு. வர்றியா?"

திருப்புளி என்பது அண்ணி எனக்கு வைத்த பெயர். எந்தப் பெட்டியைக் கண்டாலும் மூடியைக் கழற்றிப் பார்ப்பவள் என்பதால். பழைய கணினிகளைத் தேடிப் பிடித்து, அவற்றின் கிழட்டு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, கேமராவில் போடும் நினைவு அட்டையை அந்த இடத்தில் பொருத்தி ஓட வைப்பது என் பொழுதுபோக்கு. அண்ணன் அண்ணியை விட்டுப் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. "உங்க அண்ணன் விட்டுட்டுப் போனதுல உருப்படியானது நீ ஒருத்திதான்" என்பார் அண்ணி.

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அண்ணி செய்வது ஷூ. கடையில் விற்கிற எந்த ஷூவுக்குள்ளும் நுழையாத கால்களுக்கு. ஒரு கால் குட்டையாக இருக்கும், ஒன்று உள்பக்கம் மடங்கியிருக்கும், ஒன்றில் விரல்களே இருக்காது. அப்படிப்பட்ட காலுக்கு முதலில் அந்தக் காலைப் போலவே மரத்தில் ஒரு கட்டை கடைய வேண்டும். அதன் மேல் தோலை இழுத்துத் தைத்தால்தான் ஷூ. கட்டையைக் கடைவது ஒரு கடைசல் இயந்திரம். எங்கே எவ்வளவு சீவ வேண்டும் என்று அதற்குச் சொல்வது அந்தப் பழைய கணினி.

கட்டை முதல் தடவையிலேயே சரியாக அமைந்துவிடாது. போட்டுப் பார்ப்பார்கள், குதிகாலில் இடிக்கும். அண்ணி ஒரு மயிரிழை குறைப்பார். மறுபடி வருவார்கள், சுண்டுவிரலில் உரசும். இப்படி வந்து வந்து, ஒரு நாள் அவர்கள் பட்டறைக்குள் நடந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தெருவுக்கு இறங்கிப் போய்விடுவார்கள். அந்த மௌனத்துக்காகத்தான் இவ்வளவும். பட்டறைக்குள் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை உண்டு: 'கிட்டத்தட்ட'. ஷூ கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அண்ணி அதைக் கழற்றி வாங்கிவிடுவார்.

சரியாக அமைந்த அந்த வடிவங்கள் அத்தனையும் கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தன. கட்டைகளை வைக்க இடம் கிடையாது. பெரிய காலின் கட்டையைச் சீவித்தான் அடுத்த சின்னக் காலைக் கடைவார். டிஸ்க் போனால் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து வலிக்க வலிக்க நடந்து காட்ட வேண்டும். அவர்களில் சிலரால் இப்போது பட்டறை வரை வரவே முடியாது.

நான் போனபோது அண்ணி கணினிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் மடியில்.

"நகல் எடுத்து வைங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன்?"

"அட்டை வாங்கிட்டேன், ஒரு நாள் வந்து போட்டுத் தர்றேன்னு நீ எத்தனை வாட்டி சொன்ன?"

"அணைக்க விட மாட்டேன்னீங்களே."

"போன தடவை அணைச்சப்போ மதியம் வரைக்கும் எந்திரிக்கலையே அது."

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதனால் இருவரும் பேச்சை விட்டுவிட்டு மூடியைக் கழற்றினோம்.

ஹார்ட் டிஸ்க் ஏன் எழுந்திருக்க மறுக்கிறது என்பதை இரண்டு கண்ணாடித் துண்டுகளை வைத்துப் புரிந்துகொள்ளலாம். வழவழப்பான இரண்டு கண்ணாடிகளை ஈரத்தோடு ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டும் அப்படித்தான் வழவழப்பானது. அதைப் படிக்கிற சின்னத் தலை, தட்டு சுழலும்போது காற்றில் மிதக்கும். நின்றால் தட்டின் மேலேயே இறங்கி உட்கார்ந்துவிடும். வயதாக ஆக உட்கார்ந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். மோட்டாருக்கு அதைப் பிய்த்துக்கொண்டு கிளம்புகிற பலம் இருக்காது.

மூடியைத் திறந்ததும் என் கண்ணில் வேறொன்று பட்டது. பலகையின் ஓரத்தில் பீப்பாய் மாதிரி ஒரு சின்ன பேட்டரி. அதன் வாயில் பச்சையாகப் பூத்திருந்தது. பழைய கணினிகளோடு புழங்குகிற யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்: பேட்டரி கசிந்தால் அந்தத் திரவம் பலகையை அரித்துத் தின்றுவிடும், பார்த்த உடனே வெட்டி எடு. என் கை யோசிக்கவில்லை. வெட்டுக் குறடை எடுத்து இரண்டு கம்பிகளையும் நறுக்கினேன். பஞ்சில் வினிகர் தொட்டு அந்த இடத்தைத் துடைத்தேன்.

"பாத்தீங்களா அண்ணி, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பலகையே போயிருக்கும்."

"நல்லவேளை" என்றார் அண்ணி.

நல்லவேளை இல்லை. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

நினைவு அட்டையை அதற்கான சின்னப் பலகையில் செருகினேன். அட்டைக்குள் சுழல்வது எதுவும் கிடையாது. இந்தப் பலகைதான் கணினியிடம் 'இதுவும் ஒரு ஹார்ட் டிஸ்க்' என்று அறிமுகம் செய்து வைக்கும். இரண்டும் சேர்ந்தாலும் அண்ணியின் ஒரு ஷூ விலைகூட வராது. பழைய டிஸ்க்கின் பட்டை வயரிலேயே இன்னொரு முனை சும்மா இருந்தது. அங்கே அதை மாட்டினேன். திட்டம் எளிமையானது: பழையதை ஒரே ஒரு முறை சுழல வைப்பது, அதில் இருப்பதை அட்டைக்கு மாற்றுவது.

பழைய டிஸ்க்கைத் தாங்கியிலிருந்து கழற்றி, வயரோடு உள்ளங்கையில் பிடித்துக்கொண்டேன். அண்ணி சுவிட்சைப் போட்டார். மோட்டார் முனகும்போது மணிக்கட்டைச் சட்டென்று ஒரு திருப்பு. ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை. உள்ளே 'டக்' என்று ஏதோ விடுபட்டது. மெல்லிய ஊளையாகத் தொடங்கி, சத்தம் ஏறி, ஒரே சீராக நின்றது. தட்டு சுழன்றது.

அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் டிஸ்க்கை மேஜையில் ஒரு தோல் துண்டின் மேல் குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைத்தேன். அப்போதுதான் திரையைப் பார்த்தேன்.

டிஸ்க் எதுவும் இல்லை என்று திரை சொன்னது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தக் காலத்துக் கணினி தன்னோடு இணைந்திருக்கும் டிஸ்க்கைத் தானே விசாரித்துத் தெரிந்துகொள்ளும். அந்தக் காலத்துக் கணினிக்கு நாம்தான் சொல்ல வேண்டும். டிஸ்க்கை ஒரு குடியிருப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதில் வரிசையாகக் கட்டடங்கள், ஒவ்வொரு கட்டடத்திலும் இத்தனை மாடி, ஒவ்வொரு மாடியிலும் இத்தனை வீடு. ஒரு தடவை சொல்லிவிட்டால் கணினி அதை நினைவில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் படிக்கும், எழுதும். அந்த நினைவை உயிரோடு வைத்திருப்பது பேட்டரி.

கசிந்தாலும் அதற்கு உயிர் இருந்திருக்கிறது. நான்தான் வெட்டிப் போட்டேன். அதற்கு முன்னால் அந்த எண்களைப் பார்த்து வைக்கவும் இல்லை.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றார் அண்ணி.

"அளவு மறந்துபோச்சு அண்ணி. பெட்டிக்கு. என்னாலதான்."

சொல்லி முடிப்பதற்குள் வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். கதவு திறந்துதான் இருந்தது. பேட்டரி செத்த யுபிஎஸ் ஒன்று அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. மஞ்சள் தொப்பியும் இடுப்பில் கருவிப் பையுமாக லைன்மேன் நின்றார்.

"அம்மா, கேபிள் மாத்துறோம். இந்த வரிசைக்கு இப்போ நிறுத்திடுவோம். திரும்ப வர சாயங்காலம் ஆயிடும். ஃபிரிட்ஜ் கிரிட்ஜ் இருந்தா பாத்துக்குங்க."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி மேஜையில் சுழன்றுகொண்டிருந்த டிஸ்க்கைப் பார்த்தார். மின்சாரம் நின்றால் அது நிற்கும். நின்றால் இன்னொரு முறை எழுமா என்று எனக்குத் தெரியாது. அந்த 'டக்' சத்தத்தில் ஏதோ பிய்ந்த மாதிரி இருந்தது.

"கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா தம்பி?"

"என் கையில இல்லம்மா. மேலருந்து வர்ற உத்தரவு."

அண்ணி எழுந்து வாசலுக்குப் போனார். லைன்மேனின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"வலது பூட்ஸ் உள்பக்கமா தேஞ்சிருக்கே. ஏணி ஏறினா முழங்கால் வலிக்குமே உங்களுக்கு."

லைன்மேன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். "இறங்குறப்போதான்" என்றார் பிறகு.

"உக்காருங்க. கழட்டுங்க."

நான் கணினியின் பக்கம் திரும்பினேன். டிஸ்க்கின் லேபிளில் அளவு தெளிவாக அச்சடித்திருந்தது: எட்டு மாடி, மாடிக்கு முப்பத்தொன்பது வீடு. அமைப்புத் திரையில் டிஸ்க் வகைகளின் அட்டவணை வந்தது. தயாராக நிரப்பிய நாற்பத்தாறு வரிகள். கடைசியில் நாமே நிரப்பிக்கொள்ளும் காலி வரி ஒன்று. அதில் லேபிளில் இருந்ததை அப்படியே நிரப்பினேன். சுவிட்சைத் தொடாமல் விசைப்பலகையிலிருந்தே கணினியை மறுபடி தொடங்க வைத்தேன். அப்படிச் செய்தால் டிஸ்க் நிற்காது.

இயங்குதளம் இல்லை என்றது திரை.

பையிலிருந்த, இயங்குதளம் ஏற்றிய என் பிளாப்பியைப் போட்டு அதிலிருந்து தொடங்கினேன். இந்த முறை டிஸ்க் இருக்கிறது என்றது, ஆனால் கோப்புகளின் பட்டியலைக் கேட்டால் கோணல் மாணலாக எழுத்துகளைக் கொட்டியது. கூடவே ஒரு கேள்வி: டிஸ்க் பழுதாகியிருக்கிறது, சரி செய்யட்டுமா? ஆம், இல்லை.

அண்ணி என் பின்னால் வந்து நின்றிருந்தார். "சரி செய்யவான்னுதானே கேக்குது? செய்யச் சொல்லேன்." அவர் விரல் விசைக்கு மேலேயே வந்துவிட்டது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"தொடாதீங்க அண்ணி. இப்போ அது தப்பான முகவரியில நிக்குது. சரி செய்யறேன்னு ஒரு எழுத்து எழுதினாக்கூட, அது யாரோட கால்ல போய் விழும்னு தெரியாது."

அண்ணி கையை இழுத்து முந்தானைக்குள் சுற்றிக்கொண்டார். நான் 'இல்லை' என்று அழுத்தினேன். பழைய டிஸ்க் 'டிக்' என்றது. இதுவரை இல்லாத சத்தம்.

லேபிள் தவறாக இருக்காது. டிஸ்க்கும் படிக்கிறது. அப்படியென்றால் ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும்: இந்தக் கணினியை முதன்முதலில் அமைத்தவர் லேபிளில் இருந்ததைச் சொல்லவில்லை. வேறு ஏதோ அளவைச் சொல்லி, அந்த அளவின்படியே அத்தனையையும் எழுத வைத்திருக்கிறார்.

அமைத்தவர் என் அண்ணன்.

"அண்ணி, அண்ணனுக்கு போன் பண்ணணும்."

அண்ணி திரும்பி லைன்மேனின் பூட்ஸை எடுத்து அதன் அடிப்பாகத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். "உன் அண்ணன், உன் போன். என்னை ஏன் கேக்குற?"

அண்ணன் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"என்ன சின்னவளே, அதிசயமா?"

"பட்டறைப் பெட்டிக்கு ஹார்ட் டிஸ்க் அளவு என்ன கொடுத்த?"

"லேபிள்ல இருக்குமே."

"அது இல்ல. போட்டுப் பாத்துட்டேன்."



"லேபிள் அடிப்பக்கம் இருந்துச்சு" என்றார் அண்ணன். "ஸ்க்ரூ எல்லாம் போட்டு முடிச்சப்புறம்தான் பாத்தேன். மறுபடி யாரு கழட்டுறதுன்னு, லிஸ்ட்ல பக்கத்துல வர்ற மாதிரி ஒரு வரியைத் தட்டிட்டேன். ஓடுச்சு. ஓடுறதை ஏன் நோண்டணும்?"

"எந்த வரி?"

"அது எங்க ஞாபகம் இருக்கு?"

பட்டறை சின்னது. அண்ணிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "மெஷின்கிட்டயும் பொய்தானா?" என்றார் பூட்ஸிடம்.

"பொய் இல்லன்னு சொல்லு" என்றது போன். "கிட்டத்தட்டதான்."

அண்ணி பூட்ஸைக் கீழே வைத்தார். நான் போனை அணைத்தேன். லைன்மேன் ஒரு காலில் சாக்ஸோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் வேணா எதிர்வரிசையை முதல்ல முடிச்சுட்டு வர்றேன்மா" என்றார் மெதுவாக. "அதுக்கு மேல நிறுத்தி வைக்க முடியாது."

அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். எதிர்வரிசையில் ஏணியைச் சாய்க்கும் சத்தம் கேட்டது.

நாற்பத்தாறு வரிகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தத் தலை தட்டு முழுக்க ஓடி ஓடி இல்லாத வீட்டைத் தேடும். 'டிக்' இப்போது அடிக்கடி கேட்டது.

"ஏதாவது பண்ணு" என்றார் அண்ணி. குரல் இன்னும் இறங்கியிருந்தது.

யோசித்தேன். எட்டு மாடி என்று எண்ணினால், ஒரு மாடி முடிகிற இடத்துக்குள் முப்பத்தொன்பது வீடு. வேறு மாதிரி எண்ணினால் அதற்கு முன்பே அடுத்த மாடி வந்துவிடும். அதனால்தான் நாம் ஒரு வீட்டைக் கேட்டால் அது வேறு வீட்டுக் கதவைத் தட்டுகிறது. ஆனால் எப்படி எண்ணினாலும் மாறாத வீடு ஒன்று இருக்கிறது. முதல் கட்டடம், தரைத்தளம், முதல் வீடு. எந்தப் பொய்யைச் சொன்னாலும் முதல் வீடு முதல் வீடுதான்.

அந்த முதல் வீட்டில் என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியும். குடியிருப்பின் வரைபடம் இருக்கும். அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று. முடிகிற இடம் என்றால் கடைசிக் கட்டடத்தின் கடைசி மாடியின் கடைசி வீடு. அதன் முகவரியை அண்ணன் சொன்ன அதே கணக்கில்தான் கணினி எழுதி வைத்திருக்கும்.

"அண்ணி, அந்தப் பொய் எழுதியிருக்கும்" என்றேன். "கடைசி வீட்டு முகவரியா."

"எனக்குப் புரியற மாதிரி சொல்ல நேரம் இருக்கா உனக்கு?"

"இல்ல."

"அப்போ பாரு."

பிளாப்பியில் ஒரு சின்ன நிரல் உண்டு. எதையும் எழுதாது, சொன்ன வீட்டைத் திறந்து உள்ளே இருப்பதை எண்களாகக் காட்டும். முதல் வீட்டைக் கேட்டேன். தலை ஓடியது, 'டிக்' என்றது, திரும்பி வந்தது, மறுபடி முயன்றது. திரை நிறைய எண்கள் விழுந்தன. வரைபடம் எங்கே தொடங்கும் என்று விரலால் எண்ணிக்கொண்டே போனேன். கடைசி வீட்டின் முகவரி: பதினாலாம் மாடி, பதினேழாம் வீடு. மாடிகளில் தரைத்தளத்தைப் பூஜ்யம் என்று எண்ணுவது வழக்கம். ஆகவே பதினைந்து மாடி. மாடிக்குப் பதினேழு வீடு.

அட்டவணையைத் திறந்தேன். பதினைந்தும் பதினேழும் சேர்ந்து வருகிற வரிகள் சில இருந்தன. கட்டடங்களின் எண்ணிக்கையில் மட்டும்தான் அவற்றுக்குள் வித்தியாசம். வரைபடத்தில் இருந்த கடைசிக் கட்டடம் அடங்குகிற வரியைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாவது டிஸ்க்காக அட்டையின் அளவைக் காலி வரியில் நிரப்பினேன். மறுபடி தொடக்கம். பட்டியலைக் கேட்டேன்.

திரையில் பெயர்கள் வந்தன.

கோப்பின் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். அதனால் அண்ணியின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஆங்கில எழுத்தில் சுருங்கி இருந்தார்கள். நெட்டை. மாடிவீடு. ரெண்டாவது தங்கை, தங்கை2 என்று. பெயர்கள் மேலே மேலே ஓட, அண்ணி ஒவ்வொன்றையும் உதடு அசையப் படித்தார்.

"இருக்காங்க" என்றார்.

"இருக்காங்க. இன்னும் எடுக்கல."

வெளியே எதிர்வரிசையில் யாரோ, "அந்தப் பக்கம் ஆச்சா?" என்று கத்தினார்கள். "ஆகுது, ஆகுது" என்று லைன்மேனின் குரல்.

"எல்லாத்தையும் எடுக்க நேரம் பத்தாது அண்ணி. இது சாகிற நிலைமையில இருக்கு. ஒவ்வொருத்தரா எடுக்கலாம். யாரை முதல்ல?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் என்ன கேட்டேன் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. யாரை முதலில் என்றால், யாரை விட்டுவிடுவது என்று.

முக்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இங்க வர முடியாதவங்களை முதல்ல" என்றார். "வர முடிஞ்சவங்களை மறுபடி அளந்துக்கலாம். திட்டுவாங்க, பரவாயில்ல."

"சொல்லுங்க."

"மாடிவீடு. அந்தம்மா இப்போ படுக்கையில. கட்டில்லருந்து ஜன்னல் வரைக்கும்தான் நடை, அதுக்கும் ஷூ வேணும்." நான் தட்டினேன். டிஸ்க் ஓடியது, அட்டை சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. "நெட்டை. ஊர் மாத்திப் போயிட்டாரு. தையல். அதுக்குக் கண்ணு தெரியாது, கூட்டிட்டு வந்த அம்மாவும் இல்ல."

ஒவ்வொரு பெயருக்கும் டிஸ்க் கொஞ்சம் அதிகமாகத் திணறியது. ஒரு கோப்பில் நின்றே போனது. தலை முன்னும் பின்னும் ஓடி ஓடி அந்த ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது. அண்ணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.  'டிக், டிக்', பிறகு திறந்தது. வந்துவிட்டது.

"வாத்தியார். பால்காரர். தங்கை2, அவ வெளிநாட்டுல." அண்ணி வேகமாகச் சொன்னார். அவருக்குப் பட்டியலே தேவைப்படவில்லை. ஒவ்வொரு பெயர் சொல்லும்போதும் அவர் கட்டைவிரல் முழங்காலின் மேல் எதையோ தடவியது. குதிகாலின் வளைவோ, எலும்பின் முண்டோ.

பட்டியலின் உச்சியில் ஒரு பெயர் இருந்தது. நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தட்டிக்கொண்டிருந்தேன். முதல். அந்தக் கணினியில் எழுதிய முதல் கால் அது. என் அண்ணனுக்குப் பிறவியிலேயே இடது பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும். கடைசல் இயந்திரத்தையும் கணினியையும் சேர்த்துக் கட்டியதே அந்தக் காலுக்காகத்தான். அண்ணியும் அண்ணனும் சேர்ந்து செய்தார்கள். பிரிந்த பிறகும் வருடத்துக்கு ஒரு தடவை பார்சல்காரர் பழைய ஷூவைக் கொண்டுவந்து கொடுப்பார், ஒரு வரிகூட இல்லாமல். அண்ணி புதிதைச் செய்து அனுப்புவார், அவரும் ஒரு வரி எழுதாமல்.

கேட்கலாமா என்று நாக்கு வரை வந்தது. அண்ணன் கால் என்றால் எனக்கும் பாதி உரிமை என்று தோன்றியது. தட்டிவிட்டால் அண்ணிக்குத் தெரியாமலேகூடப் போகலாம். ஆனால் வரிசையைச் சொல்ல வேண்டியவர் நான் இல்லை.

எதிர்வரிசையில் ஏணியை எடுக்கும் சத்தம் கேட்டது. தெருவைக் கடந்து பூட்ஸ் சத்தம் வந்தது. வலது கால் கொஞ்சம் இழுத்து.

"அம்மா, வந்துட்டேன்" என்றார் லைன்மேன் வெளியிலிருந்தே.

"ஒரு நிமிஷம்" என்றேன்.

"இல்லம்மா, மேல ஆள் நிக்குது."

அண்ணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வர முடியாதவர்களில் இன்னும் ஒருவர் மிச்சம். அது அவர் வைத்த சட்டம்தான்.

"முதல்" என்றார்.

"அண்ணி?"

"அவரும் இங்க வர முடியாதவர்தானே. தட்டு."

தட்டினேன். டிஸ்க்கின் ஆரம்பத்துக்குத் தலை ஓடியது. பழைய எழுத்து, பழைய இடம். ஒரு 'டிக்'. இரண்டு. லைன்மேன் மேலே ஏறும்போது ஏணி சுவரில் உரசியது. கோப்பு வந்ததா இல்லையா என்று திரை சொல்வதற்கு முன்னால் விளக்கு அணைந்தது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கியது. டிஸ்க்கின் ஊளை இறங்கி, இறங்கி, நின்றது. 

"வந்துச்சா?"

"தெரியல அண்ணி."

சாயங்காலம் வரை அண்ணி வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து லைன்மேனின் குதிகாலுக்கு ஒரு தோல் திண்டு வெட்டினார். வேலை முடிந்து அவர் வந்தபோது கொடுத்தார். போட்டுக்கொண்டு இரண்டு அடி நடந்தார்; ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார். அண்ணி தலையாட்டிக்கொண்டார்.

மின்சாரம் வந்ததும் பழைய டிஸ்க்கைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். முனகல்கூட இல்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டு அட்டையை அதன் இடத்தில் மாட்டினேன். இயங்குதளத்தையும், தனி பிளாப்பியில் இருந்த கடைசல் நிரலையும் அதில் வீட்டிலேயே ஏற்றி வைத்திருந்தேன். அதற்கான அளவைக் காலி வரியில் நிரப்பி, கணினியைத் தொடங்க வைத்தேன்.

சத்தமே இல்லை. வருடக்கணக்காக அந்த ஊளையைக் கேட்டே பழகிய அண்ணி, "போச்சா?" என்றார்.

"அட்டைக்குச் சத்தம் கிடையாது. திரையைப் பாருங்க."

பட்டியல் வந்தது. பழையதைவிடக் குட்டையாக இருந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள், வந்து போகக்கூடியவர்கள் பாதிப் பேருக்கு மேல் இல்லை. அண்ணி மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே போனார். மாடிவீடு இருந்தார். தையல் இருந்தார். கடைசியில் 'முதல்' இருந்தது. பெயர் இருந்தால் போதாது. முதலில் மாடிவீட்டின் காலைத் திறந்தேன். கோடுகள் கோடுகளாகக் குதிகால் தொடங்கி விரல் வரை முழுதாக வந்தது. அடுத்து 'முதல்'. அதுவும் குதிகாலில் தொடங்கி, பாதத்தின் திருப்பத்தைத் தாண்டி, விரல்களுக்குக் கொஞ்சம் முன்னால் வெறும் திரையாக நின்றுவிட்டது.

அண்ணி அந்தக் காலை நெடுநேரம் பார்த்தார்.

"விரலு இல்ல" என்றேன்.

"விரலு எனக்குத் தெரியும்" என்றார்.

பேட்டரி இல்லாத பலகை அணைத்தால் மறுபடி மறந்துவிடும். மூடியின் உள்பக்கத்தில், யார் திறந்தாலும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி, அட்டையின் அளவைப் பெரிதாக மார்க்கரால் எழுதினேன். எத்தனை கட்டடம், எத்தனை மாடி, எத்தனை வீடு.

அண்ணி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இது நிஜ அளவா?"

"இல்ல அண்ணி. அட்டைக்குள்ள மாடியும் கிடையாது, வீடும் கிடையாது. இதுவும் பொய்தான்."

"கிட்டத்தட்டவா?"

"சரியா."

"அப்போ சரி" என்று என் கையிலிருந்த மார்க்கரை வாங்கி மூடி போட்டார். "எழுதி வச்ச பொய்யோட குடும்பம் நடத்தலாம். நாளைக்குக் காலையில வா. அட்டையை இன்னும் ரெண்டு அட்டையில நகல் எடுக்கணும். அப்புறம் பக்கத்துத் தெருவுல ஆரம்பிச்சு ஒவ்வொரு வீடா போய்த் திட்டு வாங்கணும்."